மலைப்பாதைக்கு ஒரு டிஸ்க்

மலைப்பாதையில் ஓடும் வேகமான கார் ஒன்றின் பிரேக் டிஸ்க் தேய்ந்துபோனதால், மெக்கானிக் அதைக் கழற்றித் தரையில் வைத்தார். மேசைமேல் இரண்டு புது டிஸ்க்குகள் காத்திருந்தன. தன் இடத்துக்கு எது வருமோ என்று தேய்ந்த டிஸ்க்குக்கு மனசு அடித்துக்கொண்டது.

துளை போட்ட பளபள டிஸ்க், "சக்கரத்து இடுக்கு வழியா நான் வெளியே தெரிவேனா அண்ணே?" என்று தேய்ந்த டிஸ்க்கிடம் கேட்டது.

"நல்லாவே தெரிவே."

துளையில்லாத கனத்த டிஸ்க் தயங்கித் தயங்கிக் கேட்டது: "மலை இறங்கும்போது எந்த வளைவுல உங்களுக்கு ரொம்பச் சுட்டது?"

இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

"ஏழாவது வளைவுல. பின்சீட்டுல குழந்தைங்க தூங்கும். பதறாம பிடி தம்பி."

"மலை வண்டிக்கு இதுதான் தாங்கும்" என்று மெக்கானிக் கனத்ததை எடுத்து மாட்டினார்.

கார் கிளம்பியது. சத்தம் தேய்ந்து மறையும்வரை பழைய டிஸ்க் காதுகொடுத்துக் கேட்டது. பிறகு, துரு வந்தால் வரட்டும் என்று நிம்மதியாகக் கண்மூடியது.