தோத்த டீமில் ஒரு சிரிப்பு

"தோத்துட்டு வர்ற வேன்ல உனக்கு என்னடி சிரிப்பு?"

தலைமை நர்ஸ் போட்ட அதட்டலில் வேன் கப்சிப்.

ஆஸ்பத்திரிப் பெண்கள் ஹாக்கி டீமுக்கு அவள்தான் கேப்டன். இன்றோடு வரிசையாக ஆறாவது தோல்வி. ஐந்து கோல் வாங்கி, ஒன்றுகூடத் திருப்பிப் போடாத வயிற்றெரிச்சல் அவளுக்கு.

சிரித்தவள் லேப் டெக்னீஷியன். எந்நேரமும் பொங்கிக்கொண்டே இருப்பதால் டீமில் அவள் பெயர் 'சோடா'.

"இல்லக்கா, ரெண்டாவது கோலுக்கு நம்ம கோலி பாய்ஞ்சாளே... ஊசியைப் பார்த்த பேஷன்ட் மாதிரி, பந்து இந்தப் பக்கம், இவ அந்தப் பக்கம்..."

கோல்கீப்பரான அந்தக் கோலியே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"போதும் நிறுத்து! ரோஷம் இருக்கிறவ தோத்தா அழுவா. உனக்கு டீம் மேல அக்கறை இருந்தாத்தானே? இனிமே நீ ஆட வரவேண்டாம்."

சோடா சிரிப்பை நிறுத்தினாள்.

"சரிக்கா."

அவ்வளவுதான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. 'கல்நெஞ்சக்காரி' என்று முணுமுணுத்தபடி திரும்பிக்கொண்டாள் கேப்டன்.

அடுத்த மேட்ச்சுக்கு எட்டுப் பேர்தான் வந்தார்கள். ஏழாவது தோல்வி. திரும்பும்போது வேனில் யாரும் வாய் திறக்கவில்லை. ஆளாளுக்கு ஜன்னலைப் பார்த்தபடி வந்து, சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார்கள்.

அதற்கடுத்த சனிக்கிழமை மைதானத்தில் கேப்டனும் கோலியும் மட்டும்.

"மத்தவங்க எங்கடி?"

"வரமாட்டாங்கக்கா. நானும் இன்னிக்குச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"ஏழு மேட்ச் தோத்தா ஓடிடறதா?"

"மொத மேட்ச்சுலயே ஓடியிருப்பேன்கா. சோடாதான் வேன்ல சிரிக்க வச்சே மனசைத் தேத்தி விடுவா. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள, அடுத்த வாரம் ஒரு கை பார்த்துடலாம்னு தோணிடும்."

கேப்டன் நேராகச் சோடாவின் வீட்டுக்கு நடந்தாள்.

சோடாவின் மாமியார்தான் கதவைத் திறந்தாள்.

"வாங்கம்மா. அவ லேபுக்குப் போயிருக்கா. சனிக்கிழமையும் டூட்டி கேட்டு வாங்கிக்கிட்டா."

"அம்மா, நான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன். தோத்ததை அவ பெருசா எடுத்துக்கலையேன்னு கோபம். திரும்பக் கூப்பிட வந்திருக்கேன்."

"பெருசா எடுத்துக்கலையா?" மாமியார் குரல் இறங்கியது. "ஒவ்வொரு வாட்டியும் தோத்துட்டு வந்து பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அழுவாம்மா. வெளிய ஏன்டி சிரிச்சுத் தொலைக்கிறேன்னு கேட்டா, 'அங்க நானும் அழுதா அடுத்த வாரம் ஒருத்தியும் வரமாட்டா அத்தை'ன்னுவா."

கேப்டன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ... நான் கூப்பிட்டா வந்துடுவா இல்ல?"

"தெரியலைம்மா. நீங்க வரவேண்டாம்னு சொன்ன அன்னிக்குத்தான் அவ அழவே இல்லை."