ஒரு கட்டையும் விழவில்லை

குதிரை வாங்க வந்தவர்கள் இரண்டாம் முறையாகத் திடலின் வேலியோரம் வந்து நின்றார்கள். அப்பா, பத்தாவது படிக்கிற மகள், அவர்களுடைய கோச்.

அந்தக் குதிரையைப் பழக்கியவள் ஏற்கெனவே சேணத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்த வியாபாரத்தை இன்று கெடுத்தே தீருவது என்று முடிவு செய்துதான் ஏறியிருந்தாள்.

குதிரைக்கு லாயத்தில் மாப்பிள்ளை என்று பேர். வாளித் தண்ணீரில் ஒரு துரும்பு மிதந்தாலும் வாய் வைக்க மாட்டான். அப்படி ஒரு ராஜமரியாதை கேட்கிற ஜென்மம். மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள் என்று சொல்லிக் குதிரைக்காரர் காலையிலேயே பிடரியைச் சீவிவிட்டிருந்தார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வரவில்லை.

ஐந்து வருடங்களுக்கு முன்னால், தரையில் கிடக்கிற கம்பைக் கண்டாலே நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடுவான். உதவாக்கரை என்று முதலாளியே கைகழுவிய குதிரை. அவள்தான் ஒவ்வொரு தடையாகத் தாண்ட வைத்தாள். இன்று அவள் நெஞ்சு உயரத்துக்குக் கட்டையை வைத்தாலும் வாசற்படி தாண்டுகிற மாதிரி தாண்டிவிட்டுப் போகிறான்.

அடுத்த மாதம் தேசிய அணிக்குத் தேர்வு. அவனோடு போனால் அவளுக்கு இடம் நிச்சயம். நாற்பதை எட்டிப் பார்க்கிறவள் இன்னொரு குதிரையை முதலிலிருந்து தயார் செய்யக் காலம் ஏது? இது முதலாளிக்குத் தெரியாதா? மாப்பிள்ளை உனக்குத்தாம்மா என்று நூறு தடவை சொன்ன வாய்தான் அது.

போன வாரம் அவர்கள் வந்தபோது அவள் பிரமாதமாக ஓட்டினாள். ஓட்டித் தொலைத்தாள் என்பதுதான் சரி. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் அவளுக்கு மோசமாக ஓட்ட வராது. யோசித்துச் சொல்கிறோம் என்று அவர்கள் போனார்கள். முதலாளி வாயெல்லாம் பல்லாகத் திரிந்தார். அவள் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்று வணக்கம்கூடச் சொல்லாமல் குதிரையைக் கிளப்பினாள்.

எட்டுத் தடைகள். வர்ணம் அடித்த கட்டைகள் அவற்றின் மேல் சும்மாதான் படுத்திருக்கும். குளம்பு லேசாக உரசினாலே உருண்டு விழும். மூன்று விழுந்தால் போதும், வந்தவர்கள் வந்த வழியே போய்விடுவார்கள்.

முதல் தடைக்கு வேண்டுமென்றே தப்பான தூரத்தில் கொண்டுபோனாள். அவன் ஒரு காதைப் பின்னால் திருப்பினான், என்னம்மா இது என்று கேட்கிற மாதிரி. பிறகு தானாகவே ஒரு குட்டி எட்டு வைத்து, சரிசெய்துகொண்டு தாண்டினான்.

இரண்டாவதில், அவன் எழும்புகிற நேரம் பார்த்து முதுகில் மூட்டைபோலத் தொப்பென்று உட்கார்ந்தாள். கட்டை விழவில்லை.

மூன்றாவதில், அந்தரத்தில் இருக்கும்போதே கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்தாள். ஐந்து வருடத்தில் ஒருநாளும் செய்யாத பாவம். அவனுக்கு வாயில் வலித்தது. தலையை உதறினான். ஆனாலும் பின்னங்கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டான். கட்டை அசையக்கூட இல்லை.

தட்டித் தொலைடா, உன்னை வைத்துக்கொள்ளத்தானே இவ்வளவும் என்று பல்லைக் கடித்தாள்.

ஐந்தும் ஆறும் அடுத்தடுத்து நிற்பவை. நடுவில் ஒரே ஒரு எட்டுக்குத்தான் இடம். அவற்றுக்குக் கோணலாகத் திருப்பி, கடிவாள வாரை அப்படியே நழுவவிட்டாள். கொஞ்சம் சுயமரியாதை உள்ள எந்தக் குதிரையும் அங்கே நின்றுவிடும். இவன் தானே நேராகிக்கொண்டான். கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியவளைச் சுமந்தபடி இரண்டையும் தாண்டி, அவள் நிமிர்ந்து உட்காரும்வரை வேகத்தைக் குறைத்துக்கொண்டான்.

இதையும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். ஆரம்ப நாட்களில் சின்னத் தடைகளில் வாரைத் தளர்த்திவிட்டு, நான் தப்புப் பண்ணினால் நீ பார்த்துக்கணும் என்று தினமும் சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். பாவி, ஒன்றையும் மறக்கவில்லை.

எட்டும் முடிந்தது. எட்டிலும் கட்டைகள் அப்படியே இருந்தன.

இருந்தாலும் அவளுக்கு நம்பிக்கை போகவில்லை. இவ்வளவு அசிங்கமான சவாரியைப் பார்த்துவிட்டு யார் குதிரை வாங்குவார்கள்? முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. வேலியோரம் கோச் அப்பாவின் காதில் ஏதோ குசுகுசுத்தார். கிளம்பப் போகிறார்கள். அவள் மாப்பிள்ளையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். வாயில் வலித்ததற்கு அப்புறம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

அப்பா திடலுக்குள் இறங்கி வந்தார்.

“வேண்டாம்னு சொல்லிட்டுப் போகத்தாம்மா வந்தோம். சொல்றதுக்குள்ள நீங்க கிளப்பிட்டீங்க. நீங்க ஏறினா கழுதைகூடத் தாண்டும், இதுல குதிரையோட பங்கு எவ்வளவுன்னே தெரியலன்னு கோச் அன்னைக்கே சொல்லிட்டாரு. எம் பொண்ணு இப்பத்தான் கத்துக்கறா, தப்புமேல தப்பாப் பண்ணுவா. அவளுக்காக அப்படி ஓட்டி, எல்லாத்தையும் இவன் சமாளிப்பான்னு காட்டணும்னு தோணிச்சு பாருங்க, உங்களுக்குப் பெரிய மனசும்மா.”

முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான்தான் அப்படி ஓட்டச் சொன்னேன் என்றார், கொஞ்சமும் கூசாமல்.

அந்தப் பெண் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். ஏறிப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை.

இவள் இறங்கினாள். கால் வைக்கும் அங்கவடியின் வார்களை அந்தப் பெண்ணின் காலுக்குத் தகுந்தபடி மூன்று துளை குறுக்கிக் கொடுத்தாள்.