தாழ்ந்த கண்கள்

"படத்துல கண்ணு மட்டும் நேரா பார்க்க வேணாம், பென்ரோஸ். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஓவியர் பென்ரோஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹாலிபாக்ஸ் ஊரின் நெசவாலை முதலாளி கிராடக், சொந்த வீட்டுக் கூடத்திலேயே குசுகுசுவென்று பேசினார்.

"உங்க வீட்டம்மா நேரா பார்க்கிற மாதிரிதானே கேட்டாங்க? அப்படி வரைஞ்சா, நீங்க எந்த மூலையில நின்னாலும் படம் உங்களையே பார்க்கும்."

"அதான் வேணாங்கறேன். உயிரோட இருக்கிறவ பார்க்கிறது பத்தாதா? சுவத்துல வேறயா?"

நியாயமான பயம்தான். அவர் மனைவி ஹெப்சிபா மதுவிலக்குச் சங்கத் தலைவி. அவள் முறைத்தால் சாராயக்கடைக்காரனுக்கே நாக்கு உலர்ந்துவிடும்.

"அவங்ககிட்ட என்னன்னு சொல்ல?"

"அமைதி, அடக்கம்னு உங்க பாஷையில ஏதாவது அடிச்சு விடுங்க."

பென்ரோஸ் அடித்து விட்டார். கறுப்புப் பட்டு, பின்னால் பழுப்பு இருட்டு, கன்னத்தில் மட்டும் சன்னல் வெளிச்சம், தாழ்ந்த இமைகள். "பெரிய இடத்து அம்மாக்கள் எல்லாம் இப்ப இப்படித்தான்" என்றதும் ஹெப்சிபா இமைகளைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆனா, கீழ பார்க்கிற கண்ணு எதையாவது பார்க்கணும்மா. இல்லாட்டி தூங்கி வழியிற மாதிரி ஆயிடும். அதோ, அந்த அலமாரியோட அடித்தட்டையே பாருங்க."

அப்போது கிராடக் ஆலையில் இருந்தார்.

படம் முடிந்தது. வரையும்போது அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலேயே மாட்டினார்கள். அதைப் பார்க்கப் பாதிரியார் த்வெய்ட் தேநீருக்கு வந்தார். கிராடக் கால் நீட்டி உட்கார்ந்து கேக்கை ரசித்துத் தின்றார். அந்தக் கூடத்தில் அவர் இவ்வளவு நிம்மதியாக இருந்ததே இல்லை.

"என்ன ஒரு சாந்தம்" என்றார் பாதிரியார். "ஆனா அம்மா எதையோ உத்துப் பார்க்கிறாங்களே?"

"சும்மா, யோசனை" என்றார் கிராடக்.

"இல்லையே." பாதிரியார் படத்தின் பார்வையை விரலால் பிடித்துக்கொண்டே போய் அலமாரியின் அடித்தட்டில் நின்றார். அவர் குரல் தழுதழுத்தது. "அட, நான் அன்பளிப்பாக் குடுத்த என் பிரசங்கத் தொகுதிகள்!"

கிராடக்குக்குக் கேக் தொண்டையில் சிக்கியது.

யார் கையும் படாத இரண்டாம் தொகுதியைப் பாதிரியார் ஆசையாக உருவினார். அதன் பின்னால், பாதி காலியான பிராந்திப் பாட்டில் நின்றது.

படத்திலிருந்த ஹெப்சிபா கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியிலிருந்த ஹெப்சிபா, கிராடக்கை நேராகப் பார்த்தாள்.