அதெல்லாம் நோயில்லை

"இதெல்லாம் ஒரு நோயா டாக்டரம்மா? எங்க ஊர்ல இதுக்குப் பேரு சோம்பேறித்தனம்."

மாமியார் புஷ்பம் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். பக்கத்து நாற்காலியில் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்த செண்பகத்துக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

தி.நகர் டாக்டர் ஸ்ரீலக்ஷ்மிக்குக் கோபம் வரவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு பொறுமையாகத்தான் சொன்னார். கழுத்திலிருக்கிற தைராய்டு சுரப்பி சரியாகச் சுரக்கவில்லை. பிள்ளை பெற்ற சிலருக்கு இப்படி ஆகும். ஓயாத அசதி, முகவீக்கம், முடி கொட்டுவது, சித்திரை வெயிலிலும் போர்வை கேட்பது எல்லாம் அதனால்தான். தினம் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போட்டால் போதும். பிள்ளைக்குப் பாலும் கொடுக்கலாம்.

"எத்தனை நாளைக்கு?"

"அநேகமா ஆயுசுக்கும் போட வேண்டியிருக்கும்மா."

புஷ்பம் எழுந்துவிட்டாள். "இந்த வயசுல ஆயுசுக்கும் மாத்திரையா? வெள்ளன எந்திரிச்சு அடிபம்புல நாலு குடம் தண்ணி அடிச்சா எல்லாம் தன்னால சுரக்கும்."

மாத்திரை இல்லாவிட்டால் இன்னும் மோசமாகும் என்று டாக்டர் சொல்லச் சொல்ல, மருந்துச் சீட்டைக்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் செண்பகத்தைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ராத்திரி புருஷன் வெள்ளைத்துரையிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். ரங்கநாதன் தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான்.

மறுநாள் காலை. செண்பகம் கால்களை நீட்டி, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். எப்போது கண் செருகியது என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளை வீறிட்டபோதுதான் விழித்தாள். காலிலிருந்து நழுவித் தரைத் தண்ணீரில் கிடந்தது.

புஷ்பம் ஓடிவந்து தூக்கினாள். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், அன்றைக்கு ஈரப் புடவையோடு அழுதாள். "நான் சோம்பேறி இல்ல அத்தை. எந்திரிக்கணும்னுதான் நினைக்கேன். உடம்பு கேக்க மாட்டேங்குது."

புஷ்பம் பிள்ளையைத் துவட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். பிறகு, "புடவைய மாத்திட்டுக் கிளம்பு. டாக்டரம்மாகிட்ட சீட்டு எழுதிக் கேட்டு அந்த மாத்திரையை வாங்கிட்டு வந்துருவோம்" என்றாள்.

செண்பகத்துக்கு நம்ப முடியவில்லை. "அப்போ நேத்து எதுக்கு அத்தை டாக்டர்கிட்ட அவ்வளவு சண்டை போட்டீங்க?"

புஷ்பம் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உடம்பு கேக்க மாட்டேங்குதுன்னு பாஞ்சாலியும் இதே வார்த்தையைத்தான் சொன்னா."

பாஞ்சாலி அவளுடைய மூத்த மகள். புருஷன் வேண்டாமென்று விட்டுவிட, ஊரில் சித்தப்பா வீட்டில் தனியாகக் கிடக்கிறவள். பொங்கலுக்குப் போனபோது செண்பகம் பார்த்திருக்கிறாள். அதே ஊதின முகம். யாராவது கூப்பிட்டால் மெதுவாகத்தான் திரும்புவாள்.

"அவளுக்கும் பிள்ளை பெத்த பிறகுதான் இப்படி. எந்நேரமும் படுக்கைதான்னு மாப்பிள்ளை வீட்டுல ஊர்க்கூட்டம் வச்சுட்டாங்க. பெத்தவ நீயே சொல்லுன்னாங்க. என் மக சோம்பேறிதான், அவங்க மேல குத்தம் இல்லன்னு அத்தனை பேரு முன்னால நாந்தான் சொன்னேன். பிள்ளைய அவங்க வச்சுக்கிட்டாங்க. இவள மட்டும் கூட்டிட்டு வந்தேன்."

பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அந்த டாக்டரம்மா சொல்லுதது நிசம்னா, நான் பாஞ்சாலிகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"