விதை தொட்ட கை

"அந்த மூட்டையத் தொடாதீங்க மதினி. உங்க கை ராசி நம்ம கூக்கால் ஊர் முழுக்கத் தெரிஞ்சதுதான்."

தோட்டத்து ஓரத்தில் இறக்கியிருந்த விதைப் பூண்டு மூட்டைக்கு முன்னால் மறித்து நின்றான் ஞானவேல். நடவுக்கு வந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அன்னக்கொடி அவனுடைய இறந்துபோன அண்ணனின் மனைவி. நிலத்தில் பாதி அவளுடையது. பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துத்தான் நட வேண்டும். புருஷன் இறந்த வருஷம் அவள்தான் பிரித்தாள், நட்டதெல்லாம் அழுகியது. அடுத்த இரண்டு வருஷமும் அந்த வேலையைத் தன் மனைவி ஜோதிமணியிடம் கொடுத்தான் ஞானவேல், விளைச்சல் கொட்டியது. அவனுக்கு இது போதாதா? தாலி இழந்தவள் கை விதைக்கு ஆகாது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். அதிலிருந்து யாரும் அவளை நடவு வேலைக்குக் கூப்பிடுவதில்லை. இன்றும் விட்டுக்கொடுத்தால் காலத்துக்கும் இந்தப் பேர்தான்.

"அந்த வருஷம் ஒரு மாசம் விடாம மழை. பக்கத்து ஊரு போளூர் வரைக்கும் பூண்டு அழுகிக் கெடந்துச்சு. அங்கயும் நானா போய்த் தொட்டேன்?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

"ஊர்க்கதை எதுக்கு? நீங்க தொட்டீங்க, அழுகுச்சு. ஜோதி தொட்டா, வெளைஞ்சுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"என் பங்குக்கு நான்தான் பிரிப்பேன். யாரு தடுக்குறான்னு பாக்குறேன்."

மூட்டையைத் தன் பக்கம் இழுத்தாள். ஞானவேல் மனைவியைத் துணைக்கு அழைத்தான். ஜோதிமணி தலை நிமிராமலே சொன்னாள்.

"ரெண்டு வருஷமும் நான் தொடவே இல்லைங்க. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு முடியல. நீங்க உரம் வாங்கப் போன அன்னைக்கெல்லாம் அக்காதான் உக்காந்து பிரிச்சுக் குடுத்தாங்க. சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்குனேன்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஞானவேலின் முகம் செத்துப்போனது. ஆனால் ஆள் அசருகிற ரகம் இல்லை. தெளிவாகச் சொன்னான்.

"அப்பச் சரி. மதினி கைதான் ராசியான கை. ஜோதி, நீ இனிமே விதையத் தொடாத."

அன்னக்கொடி இரண்டு கையாலும் பூண்டை அள்ளி ஜோதிமணியின் முந்தானையில் கொட்டினாள்.

"உக்காரு, ரெண்டு பேரும் பிரிப்போம். அழுகுனா மழைகிட்டப் போயி கேக்கட்டும்."