முப்பது எண்ணும் வரை

பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தான். வீட்டில் யாரும் அவன் கழுத்தைத் தொடவே இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நான் சொல்லிக்கொடுத்தபடி தினமும் ஐந்து முறை கழுத்தைச் சாய்த்து, முப்பது எண்ணும் வரை பிடித்திருந்தால், என் பிசியோதெரபி மேசையில் கிடத்திய உடனே எந்தப் பிள்ளையும் உதட்டைப் பிதுக்கும். நானும் அதைத்தான் செய்யப் போகிறேன் என்று அதற்குப் புரிந்துவிடும். இவனோ, ஐந்து மாதப் பிள்ளை, வலது காது தோளில் ஒட்டிக் கிடக்க, முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு பொக்கை வாயால் சிரிக்கிறான்.

எனக்கு எரிச்சல் வந்தது.

ரூபி ஆத்தூரிலிருந்து பஸ் பிடித்துத் திண்டுக்கல் வருகிறவள். இது நான்காவது வாரம். முதல் மூன்று வாரமும் அவளுடைய நாத்தனார் அன்னாள் டீச்சர் கூட வந்திருந்தார். நான் கேட்டதற்கெல்லாம் டீச்சரே பதில் சொன்னார். தூக்கும்போது கழுத்து பிசகி உரம் விழுந்திருக்கும் என்று நினைத்து, மூன்று மாதமாகச் சேலையில் போட்டு உருட்டியதையும் அவர்தான் சொன்னார்.

உரமில்லை, கழுத்துத் தசை இறுகியிருக்கிறது என்றேன். உள்ளே கொண்டைக்கடலை அளவுக்கு இருந்த கட்டியை இருவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ரூபி தொட்டாள். விரலை எடுக்க அவளுக்கு மனமே வரவில்லை. பயந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. ரூபி தனியாக வந்திருந்தாள்.

கட்டி அப்படியே இருந்தது. கழுத்து ஒரு நூல்கூட நகரவில்லை.

"ஏம்மா, சொன்னதுல ஒண்ணாவது செஞ்சியா? ஒரு வயசு தாண்டிருச்சுன்னா இந்தச் சதைய வெட்டித்தான் விடணும். மூஞ்சியே கோணிப் போகும். பெத்தவளுக்கு இது உறைக்க வேணாமா?"

கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

நான் ஒரு கையால் பிள்ளையின் தோளை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் தலையை மெல்ல இடப்பக்கம் சாய்த்தேன். சிரிப்புப் போய்விட்டது. அறை அதிர வீறிட்டான்.

எட்டு எண்ணுவதற்குள் ரூபி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். பாவம், வலிக்குது, விட்டுருங்க என்பார்கள்.

"அது அவ இருந்த எடம் மேடம்" என்றாள் ரூபி. "வயித்துக்குள்ள ரெண்டு பேரும் இப்படித்தான் கெடந்தாங்க. இவன் அவ மேல தலைய சாச்சிருந்தான், ஸ்கேன்ல காட்டுனாங்க. பொறக்கையில அவளுக்கு உசுரில்ல. என் கையில கூடக் குடுக்கல. அவ இருந்தான்னு சொல்ல எனக்கு இம்புட்டுதான் இருக்கு."

நான் கையை எடுத்துவிட்டேன்.

இரட்டையா என்று முதல் நாளே கேட்டிருந்தேன். ஒற்றைதான் என்று டீச்சர் சட்டென்று சொன்னார். போனதைப் பற்றிப் பேசினால் அது இருக்கிறதையும் கூப்பிட்டுக்கொள்ளுமாம். அதனால் அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அழக்கூடக் கூடாது. ரூபி இதைச் சொல்லும்போதும் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

பெத்தவளுக்கு உறைக்க வேணாமா என்று கேட்ட என் வாயை என்ன செய்வது? வெட்கமாக இருந்தது. இருபது வருடமாக எத்தனையோ கழுத்துகளை நிமிர்த்தியிருக்கிறேன். இந்தக் கழுத்தைத் தொட எனக்குக் கை வரவில்லை.

பிள்ளை விம்மி விம்மி ஓய்ந்தான். தலை பழையபடி வலப்பக்கம் போய்ச் சாய்ந்துகொண்டது.

அதைப் பார்த்துக்கொண்டே ரூபி கேட்டாள், "இப்படியே விட்டா வெட்டித்தான் பிரிக்கணுமா மேடம்?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"வெட்ட வேணாம். நானே செய்யுறேன்."

எங்கே பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மூன்று வாரமாகப் பார்த்து எல்லாவற்றையும் தெரிந்துதான் வைத்திருந்தாள். தோளை அழுத்தினாள். தலையைச் சாய்த்தாள். பிள்ளை மறுபடி வீறிட்டான். அவள் சத்தமாக எண்ணத் தொடங்கினாள்.

பத்து தாண்டியபோது காது தோளை விட்டுப் பிரிந்தது. எப்போதும் மூடியே கிடந்த கழுத்து மடிப்பு, சிவந்து, ஈரமாக வெளியே தெரிந்தது. ரூபி அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் எண்ணினாள். இருபதில் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை.

முப்பது வந்ததும் குனிந்து, அந்த மடிப்பில் முத்தம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான், அழுதுகொண்டிருந்த மகனைத் தூக்கினாள்.