மூன்றாவது கடை

செவில் நகரத்து மத்தியான வெயில் மதுக்கடை வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே எலிசியோ ஒலிவக் கொட்டையைத் துப்பிவிட்டு நிமிரும்போது, மஞ்சள் குடையும் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேருமாக நுழைகிறாள் நியேவெஸ். மாட்ரிட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஊரின் மதுவையும் தீனியையும் கடை கடையாகக் காட்டுவது அவள் பிழைப்பு. இது மூன்றாவது கடை. அவள் எலிசியோவின் ஒரே மகள். "அவனக் கட்டிக்கிட்டா நான் உனக்கு அப்பனில்ல" என்று இவர் கத்தி நாலு வருஷமாகிறது. அதோடு பேச்சு நின்றது. "கொஞ்சம் நகந்துக்கங்க ஐயா, இவங்க நிக்கணும்," என்கிறாள், முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற இதத்தோடு. கோப்பையும் கையுமாக எலிசியோ சுவரில் ஒட்டிக்கொள்கிறார். பொரித்த மீன் ஆவி பறக்க வருகிறது. எல்லோருக்கும் மதுவை ஊற்றிவிட்டுத் தனக்குத் தண்ணீர் எடுத்துக்கொள்கிறாள். அப்போதுதான் அந்த வயிறு எலிசியோவின் கண்ணில் படுகிறது. "எத்தன மாசம்மா?" என்கிறாள் கூட்டத்தில் ஒருத்தி. "ஏழு." "உங்கப்பாவுக்குத் தலகால் புரியாதே!" நியேவெஸ் எலுமிச்சைத் துண்டை மீன்மேல் பிழிகிறாள். "அப்பா இல்லீங்க. போயிட்டாரு." மேடைக்குப் பின்னால் கடைக்காரர் பாஸ்குவால் துடைத்துக்கொண்டிருந்த தட்டோடு அப்படியே நிற்கிறார். மாசம் கேட்ட பெண்ணுக்குக் கண் கலங்குகிறது. "அப்ப அவரு நினைவா ஒரு வாய் குடிப்போம்," என்று கோப்பையைத் தூக்குகிறாள். எல்லோரும் தூக்குகிறார்கள். "நீங்களும் வாங்க ஐயா," என்று சுவரோரம் திரும்பிச் சிரிக்கிறாள். நியேவெஸ் திரும்பவில்லை. எலிசியோ கோப்பையைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறார்.